கரிக்கை

ஜனவரி 9

அன்புள்ள அண்ணிக்கு,

இப்படி ஆரம்பித்தால்தான் அம்மாவுக்கு மனசு ஆறும். ஒரே ஆய்வுக்கூடத்தில், ஒரே மேசையின் இரண்டு பக்கமும் நின்று, அடியே வாடியே என்று பேசிக்கொண்டிருந்தவர்கள் நாம். நீ என் அண்ணனைக் கட்டிக்கொண்ட மறுநாளே அம்மா என்னை அடுப்படிக்குக் கூப்பிட்டு, "இனிமே வாய் நிறைய அண்ணின்னு கூப்பிடு" என்று கண்டிஷன் போட்டுவிட்டாள். சரி அண்ணி, எப்படி இருக்கிறாய்டி?

என் பாராட்டு விருந்திலிருந்து பாதியிலேயே கிளம்பிவிட்டாயே, ஏன்? உனக்காக ஐஸ்கிரீம் கிண்ணத்தை என் பக்கத்து நாற்காலியில் வைத்துக் காத்திருந்தேன். அது உருகி, நாற்காலி மெத்தையில் வழிந்து, ஓட்டல்காரர் என்னை முறைத்ததுதான் மிச்சம். தலைவலி என்று அண்ணன் சொன்னான். இப்போது தேவலையா?

இங்கே எல்லாரும் என்னைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடுகிறார்கள். பேராசிரியர், அதுதான் நம் பெரியவர், எதிரே வருகிறவர்களிடம் எல்லாம் "அத்தனை விலை விக்கிற பலேடியம் இல்லாமலே ரெண்டு கரிமத் துண்டையும் சேர்த்துட்டா பாருங்க, வெறும் இரும்பு" என்கிறார். அந்த மருந்துக் கம்பெனிக்கும் போய் அவர்கள் எதிரிலேயே செய்து காட்டிவிட்டு வந்தேன். அவர்கள் கையில் வராமல் மக்கர் பண்ணிய வினை, நான் போய் நின்றதும் சமர்த்தாக நடந்தது. "அம்மா கைராசிக்காரங்க" என்றார் அங்கிருந்த மேலாளர். நிரந்தர வேலைக்கான நேர்காணலும் நன்றாகவே முடிந்தது. ஆர்டர் வரவேண்டியதுதான் பாக்கி. தற்காலிகம், தற்காலிகம் என்று கையெழுத்துப் போட்டுப் போட்டு எனக்கு அலுத்துவிட்டதடி.

போனில் பேசலாம்தான். உன் வீட்டில் போன் எப்போதும் ஸ்பீக்கரில் கிடக்கிறது. அண்ணன் நடுவில் புகுந்து வசனம் பேசுவான். அதனால்தான் கடிதம்.

கேட்க மறந்துவிட்டேன். நீ ஆய்வுக்கூடத்தை விட்டுப் போகும்போது உன் இழுப்பறையில் ஒரு பிளாஸ்டிக் பெட்டி நிறையக் காந்தங்கள் இருந்தனவே, குடுவைக்குள் போட்டுச் சுழலவிடும் சின்னக் காந்தங்கள், அவற்றை எதில் கழுவி வைத்தாய்? சும்மாதான் கேட்கிறேன்.

உன்
வாலு

*

ஜனவரி 15

அடி வாலு,

தலைவலி எனக்கு இல்லை. உன் அண்ணன் மைக்கைப் பிடித்தால் எனக்குத் தலைவலி வரும் என்பது வேறு விஷயம்.

ஒன்று சொல்லிவிடுகிறேன், அதோடு விட்டுவிடுகிறேன். "ஒரே மேசை, ஒரே குடுவை. என் வீட்டுக்காரி கை பட்டா கரி, என் தங்கச்சி கை பட்டா தங்கம்" என்று அவர் சொன்னபோது ஹாலே சிரித்தது. அது பழகிவிட்டது. வீட்டில் என் பெயரே கரிக்கைதான். ஒரு குழம்பு லேசாக அடிப்பிடித்தாலும் கரிக்கை, துணி இஸ்திரியில் தீய்ந்தாலும் கரிக்கை. உங்கள் அம்மாவும் இப்போது அப்படித்தான் சொல்கிறார்கள், ஆசையாகத்தான். ஆனால் நீயும் சிரித்தாயடி. தலையைப் பின்னால் சாய்த்துச் சிரித்தாய். நான் உன்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். ஐஸ்கிரீம் வரை உட்கார முடியவில்லை.

முடிந்தது. இனி அதைப் பற்றிப் பேச மாட்டேன்.

பெயிண்ட் தொழிற்சாலையில் என்னை இப்போது நிறம் பொருத்தும் அறைக்கு மாற்றியிருக்கிறார்கள். யாராவது பழைய கதவுத் துண்டைக் கொண்டுவந்து இதே நிறம் வேண்டும் என்பார்கள். நான் கலந்து கலந்து பார்த்து, அதே நிறத்தைக் கொண்டுவந்து கொடுப்பேன். இங்கே கரி என்பதும் ஒரு நிறம். மரியாதையாக வாளியில் போட்டு விற்கிறோம்.

காந்தங்கள் என்னுடையவைதான். எல்லாம் பலேடியம் வேலைக்குப் போட்டவை. என்னிடம்தான் பலேடியம் நிற்காதே, கறுப்புக் கறுப்பாக இறங்கிவிடுமே. அது காந்தத்தின் வெள்ளை உறையில் கீறல் விழுந்த இடமெல்லாம் உட்கார்ந்துகொண்டது. சோப்பு, அமிலம், கடைசியில் தங்கத்தையே கரைக்கிற ராஜ திராவகம் என்று எல்லாவற்றிலும் ஊறப்போட்டேன். பார்க்க வெள்ளையாகும். ஆனால் எனக்கு நம்பிக்கை இல்லை. அதனால்தான் போகிற அன்றைக்கு வாசலில் நின்று, "அந்தப் பெட்டியைத் தூக்கிப் போட்டுடுடி" என்று உன்னிடம் சொன்னேன். சரி சரி என்றாயே.

போட்டுவிட்டாய் அல்லவா? ஏன் கேட்கிறாய்?

கரிக்கை என்று போட மாட்டேன்,
உன் அண்ணி

*

ஜனவரி 22

என் அண்ணி,

நான் போடவில்லை.

நீ போன பிறகு அந்த மேசை வெறிச்சோடிக் கிடந்தது. உன் கோட்டைக் கூடக் கழற்றி எடுத்துக்கொண்டு போய்விட்டாய். அந்தப் பெட்டி மட்டும்தான் உன்னுடையது என்று சொல்லிக்கொள்ள மிச்சம். குப்பைத்தொட்டி வரை கொண்டுபோனேன், மனசு வரவில்லை. என் இழுப்பறையில் வைத்துக்கொண்டேன். இரும்பு வேலை ஆரம்பித்தபோது, மற்றவர்கள் காந்தத்தில் என்னென்ன ஒட்டியிருக்குமோ என்று பயந்து, உன் பெட்டியை இரும்பு வேலைக்கென்றே தனியாக ஒதுக்கினேன். யாரையும் தொட விடமாட்டேன். கம்பெனிக்குப் போனபோதும், சமையல்காரர் தன் கரண்டியைக் கையோடு கொண்டுபோகிற மாதிரி, அந்தப் பெட்டியைத்தான் எடுத்துப் போனேன். சுத்தத்துக்காகவாம். சிரிப்பாகச் சிரிக்கிறதடி என் சுத்தம்.

நான் சும்மா கேட்கவில்லை. நான் கம்பெனியிலிருந்து கிளம்பியதும் அங்கே வினை நின்றுவிட்டது என்று எழுதியிருந்தார்கள். என் ஆய்வு மாணவி, பாவம், ஒரு வருஷமாக அவள் கையிலும் வரவில்லை. "உனக்குக் கை வராது" என்று அவளைத் திட்டியிருக்கிறேன். பெரியவர் உன்னைச் சொன்ன அதே வார்த்தை. என் வாயிலிருந்து எப்படி வந்தது என்று தெரியவில்லை.

போன வாரம் பாக்கெட் பிரித்துப் புதுக் காந்தம் போட்டு நானே செய்தேன். போட்டது போட்டபடி கிடந்தது. பிறகு உன் காந்தம் ஒன்றைப் போட்டு, இரும்பே சேர்க்காமல் செய்தேன். முழுசாகச் சேர்ந்திருந்தது.

இரும்பே இல்லாமல். நீ புரிந்துகொண்டிருப்பாய், இருந்தாலும் எழுதுகிறேன், எழுதினால்தான் எனக்கே உறைக்கிறது. ஒரு பக்கத்துக் கரிமத் துண்டைப் பிடித்ததும் உன் பலேடியம்தான், குடுவையிலிருந்த போரான் சேர்மத்திடமிருந்து இன்னொரு துண்டை வாங்கிக்கொண்டதும் அதுதான், இரண்டையும் சேர்த்து வைத்துவிட்டு நைசாகக் கழன்றுகொண்டதும் அதுதான். என் இரும்பு குடுவையில் சும்மா உட்கார்ந்து வேடிக்கை பார்த்திருக்கிறது. பெயர் மட்டும் அதற்கு.

இரும்பில்லாமல் செய்து பார்க்கவில்லையா என்று கேட்பாய். ஆரம்பத்திலேயே பார்த்தேனடி. ஆனால் பழைய காந்தத்தில் இரும்பு ஒட்டியிருக்குமோ என்று, அந்த ஒரு சோதனைக்கு மட்டும் கெட்டிக்காரத்தனமாகப் புதுக் காந்தம் போட்டேன். ஒன்றும் நடக்கவில்லை. பார்த்தாயா, இரும்பு இல்லாவிட்டால் நடக்காது என்று கட்டுரையில் எழுதிவிட்டேன். இரும்பு உப்பைச் சோதித்தோம், கரைப்பானைச் சோதித்தோம், குடுவையைச் சோதித்தோம். கலக்கியதைச் சோதிக்க எவருக்கும் தோன்றவில்லை.

வெட்கமாக இருக்கிறது. வராந்தாவில் யாராவது "வாழ்த்துகள் மேடம்" என்றால் காது மடல் சுடுகிறது. பூமி பிளந்து என்னை விழுங்கிக்கொள்ளக் கூடாதா என்றிருக்கிறது. விருந்தில் சிரித்ததை நினைத்தால் அதைவிட. ஏன் சிரித்தேன் என்று உனக்குச் சொல்ல என்னிடம் காரணம் இல்லை. எல்லாரும் சிரித்தார்கள், அண்ணன் என்னைப் புகழ்ந்தான், எனக்கு அது இனித்தது. அவ்வளவுதான்.

பெரியவரிடம் சொன்னேன். கதவைச் சாத்திவிட்டு, "ஆர்டர் வரட்டும், அப்புறம் பார்க்கலாம்" என்றார். நான் என்ன செய்ய?

வாலு

*

ஜனவரி 27

அடியே,

உன் கடிதத்தைப் பஸ்ஸில் படித்தேன். பக்கத்து இருக்கையில் இருந்த யாரோ ஒரு அம்மா, "ஏதாவது துக்கமா?" என்று கேட்கிற அளவுக்கு என் முகம் இருந்ததாம். இல்லைங்க, என் காந்தம் வேலை செய்யுதாம் என்றேன். அந்த அம்மா தள்ளி உட்கார்ந்துகொண்டார்கள்.

முதலில் சிரித்தேன், பிறகு அழுதேன். இரண்டும் உனக்காக மட்டும் இல்லை. அந்தக் கறுப்பை எத்தனை நாள் தேய்த்திருப்பேன்! நகக்கண்ணெல்லாம் எரியும். நான் கெடுத்துவிட்டேன், கெடுத்துவிட்டேன் என்றே நினைத்துக்கொண்டு தேய்த்தேன். அது கெடவில்லையா? போகட்டும்.

பெட்டியை என் ஞாபகத்துக்காக வைத்துக்கொண்டேன் என்று எழுதியிருக்கிறாய். அதற்காக உன்னைத் திட்ட எனக்கு மனசு வரவில்லை.

என்ன செய்ய என்று கேட்டாய். உனக்குத் தெரியும். ஆர்டர் வரும்வரை பொறுத்திருந்து சொன்னால் அது உண்மை இல்லை, தந்திரம். அந்தக் கம்பெனியில் எத்தனை பேர் மண்டையை உடைத்துக்கொண்டிருப்பார்கள் என்று யோசி. முகத்தில் கரி பூசிக்கொள்வதற்கு நல்ல நாள் பார்க்காதே. இதில் எனக்கு நல்ல பழக்கம், வேண்டுமானால் சொல்லிக்கொடுக்கிறேன். முதல் வாரம்தான் கஷ்டம்.

அந்த மாணவியிடம் முதலில் போய்ப் பேசு. அவளுக்கு அந்த வார்த்தை தூங்கும்போதும் கேட்கும். எனக்குக் கேட்டது.

உன் அண்ணனிடம் நான் எதுவும் சொல்லவில்லை. நீ சொல்ல வேண்டியது அது.

உன் அண்ணி

*

பிப்ரவரி 10

அன்புள்ள அண்ணி,

ஒரு வழியாக முடிந்தது. ஆய்விதழுக்குத் திருத்தக் குறிப்பு போய்விட்டது. மாணவியிடமும் மன்னிப்புக் கேட்டேன். "பரவாயில்லை மேடம்" என்றாள், ஆனால் நிமிர்ந்து பார்க்கவில்லை.

குறிப்பைப் பெரியவரே எழுதினார். முடிவுகளைத் திரும்பப் பெறுகிறோம் என்று தெளிவாகவே இருக்கிறது. அதில் ஒரு வரியை உன்னிடம் மறைக்க விரும்பவில்லை. எப்படியும் நாளைக்கு உன் கண்ணில் படும். "இந்த மேசையில் முன்பு பணிபுரிந்தவர் தம் காந்தங்களைச் சரிவரச் சுத்தம் செய்யாமல் விட்டுச்சென்ற கவனக்குறைவால்" என்று இருக்கிறது.

வேண்டாமே என்றேன். "பேர் போட்டிருக்கா? இல்லையே. அவ இந்தத் துறையிலயே இல்ல, அவளுக்கு என்ன நஷ்டம்? உனக்குன்னா வேலை போயிடும்" என்றார். இப்படி எழுதினால் நான் ஏமாந்தவள், தானாக முன்வந்து சொன்ன நேர்மைக்காரி. இல்லாவிட்டால் நானே தப்புச் செய்தவள். நேர்காணல் குழுவில் இருந்தவர்களும் அப்படித்தான் பார்ப்பார்களாம்.

கையெழுத்துப் போட்டுவிட்டேன். நேற்று ஆர்டரும் வந்துவிட்டது.

நீ புரிந்துகொள்வாய் என்று நம்புகிறேன். உன் பெயர் எங்கேயும் இல்லை. நம் இரண்டு பேரைத் தவிர யாருக்கும் தெரியப்போவதில்லை. அண்ணனுக்கு வேலை கிடைத்ததை மட்டும் சொன்னேன். கேக் வாங்கிக்கொண்டு வருகிறேன் என்றான். நீயும் வருவாய்தானே?

வாலு

*

பிப்ரவரி 15

மதிப்பிற்குரிய நாத்தனார் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் கடிதம் கிடைத்தது. வேலை கிடைத்ததில் மகிழ்ச்சி.

தூக்கிப் போடச் சொன்னது தங்களுக்கு நினைவிருக்கும் என்று நினைக்கிறேன். வாசலில் நின்று சொன்னேன். சரி சரி என்றீர்கள்.

யாருக்கும் தெரியாது என்று எழுதியிருக்கிறீர்கள். எனக்குத் தெரியுமே.

உங்கள் அண்ணன் கேக்கோடு வருவார். எனக்குத் தொழிற்சாலையில் வேலை இருக்கிறது. அத்தையின் முழங்கால் வலிக்கு வாங்கிய தைலத்தை அவரிடம் கொடுத்தனுப்புகிறேன், தங்களுக்கும் கழுத்து வலி என்று கேள்விப்பட்டேன்.

இப்படிக்கு,
தங்கள் அண்ணி

*

மார்ச் 20

அண்ணி,

இதற்கு நடுவில் எழுதிய கடிதங்களைக் கிழித்துப் போட்டுவிட்டேன். எல்லாவற்றிலும் நான் அழுதுகொண்டே இருந்தேன். உன்னைச் சமாதானப்படுத்தச் சொல்லி உன்னிடமே கேட்கிற மாதிரி இருந்தது.

'தங்கள்' என்று எழுதியிருந்தாயே, அதைத்தான் திரும்பத் திரும்பப் படித்தேன். அம்மா எத்தனை வருஷமாகப் போராடியும் நம்மிடையே வராத மரியாதை, நான் போட்ட ஒரு கையெழுத்தில் வந்துவிட்டது. நீ திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். தைலம் கொடுத்தனுப்பியிருந்தாய். அதை இன்னும் திறக்கவில்லை.

புது அறை கொடுத்தார்கள். கதவில் என் பெயர்ப் பலகை மாட்ட ஆள் வந்தான், எந்த உயரத்தில் மாட்டட்டும் மேடம் என்று கேட்டான். அப்புறம் வா என்று அனுப்பிவிட்டு உள்ளே போய் உட்கார்ந்தேன். அன்றைக்கே ஆய்விதழுக்கு எழுதினேன். பெரியவரைக் கேட்கவில்லை.

அந்த வரியை எடுத்துவிட்டார்கள். இப்போது இருப்பது இதுதான்: "முன்பு அந்த மேசையில் பணிபுரிந்தவர் அந்தக் காந்தங்களை அகற்றிவிடும்படி தெளிவாகச் சொல்லியிருந்தார். சொல்லியும் வைத்துக்கொண்டது நான். இரும்பற்ற சோதனைக்கு மட்டும் வேறு காந்தத்தைப் போட்டதும் நான். வினையை நடத்தியது அவருடைய பலேடியம். முந்தைய குறிப்பில் அவர்மீது சுமத்திய கவனக்குறைவு பொய்." கீழே உன் முழுப் பெயர் இருக்கிறது, இனிஷியலோடு. உன்னைக் கேட்காமல் போட்டுவிட்டேன். முன்பு கேட்காமல் பழி போட்டதற்கு, இப்போது கேட்காமல் பெயர் போட்டிருக்கிறேன். இதுவும் தப்பாக இருந்தால் சொல்.

பெரியவர் என் முகத்தில் விழிப்பதில்லை. பொய் என்ற வார்த்தையைப் போடாமல் இருந்திருக்கலாம் என்றார், அதுதான் கடைசியாக அவர் பேசியது. ஆர்டரைத் திரும்ப வாங்கிக்கொண்டார்கள். மாதக் கடைசிவரை பழைய மேசையில் இருக்கலாம். பிறகு என்னவென்று தெரியவில்லை. ஒரு பள்ளிக்கூடத்தில் கேட்டிருக்கிறேன்.

அண்ணனை ஞாயிற்றுக்கிழமை இங்கே வரவழைத்து, நேரில் உட்காரவைத்துச் சொன்னேன். முதலில் அவனுக்குப் புரியவில்லை. "கரின்னு சொல்லிச் சிரிச்சியே, அதுதான்டா உன் தங்கச்சி கையில தங்கமாச்சு" என்றேன். காபியைக் கூடக் குடிக்காமல் கிளம்பிவிட்டான். வீட்டில் வந்து என்ன சொன்னான் என்று எனக்குத் தெரியாது.

வேலை போனதில் வருத்தம் இருக்கிறது, இல்லை என்று சொன்னால் அதுவும் பொய்யாகிவிடும். ஆனால் வெட்கம் அதனால் குறையவில்லை. குறையும் என்று நினைத்துத்தான் செய்தேனோ என்று இப்போது அதற்கும் சேர்த்து வெட்கப்படுகிறேன்.

பெட்டி இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. இந்த முறை தூக்கிப் போட்டுவிடட்டுமா? நீ சொல்கிறபடி செய்கிறேன்.

பதில் போடவேண்டும் என்று இல்லை.

வாலு

*

ஏப்ரல் 4

நாத்தனாருக்கு,

தங்கள் கடிதம் வந்தது. பதில் எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். பெட்டியைப் பற்றிக் கேட்டிருந்ததால் எழுதுகிறேன்.

உங்கள் அண்ணன் அன்று வீட்டுக்கு வந்து, செருப்பைக் கூடக் கழற்றாமல் நின்றார். உடம்பு சரியில்லையோ என்று பயந்துவிட்டேன். மறுநாள் அந்தக் குறிப்பை அச்செடுத்து வந்து சாப்பாட்டு மேசையில் வைத்து, அத்தைக்கு உரக்கப் படித்துக் காட்டினார். பாதி வார்த்தைகள் வாயில் நுழையவில்லை, பலேடியத்தைப் பலாடியம் என்றார். என் பெயர் வந்த இடத்தில் மட்டும் நிறுத்தி, தண்ணீர் குடித்துவிட்டுப் படித்தார். அத்தை, "அப்ப இவ கை நல்ல கைதானா?" என்று கேட்டார்கள்.

அன்றிலிருந்து அவர் என்னைக் கரிக்கை என்று கூப்பிடுவதில்லை. எப்படிக் கூப்பிடுவது என்றும் தெரியவில்லை போலிருக்கிறது, "இந்தாம்மா" என்கிறார், கடையில் கூப்பிடுகிற மாதிரி. நேற்று பால் பொங்கி வழிந்து அடுப்பெல்லாம் தீய்ந்தபோது வாயைத் திறந்தார், மூடிக்கொண்டார். எனக்கே பாவமாக இருந்தது.

என் பெயரைப் போட்டது தப்பில்லை. தொழிற்சாலையில் யாரோ பார்த்துவிட்டு, நிறம் பொருத்தும் அறைக்கு வந்து "இது நீங்களா?" என்று கேட்டார்கள். ஆமாம் என்றேன். அவ்வளவு சத்தமாக நான் எதற்கும் ஆமாம் சொன்னதில்லை.

ஆனால் உங்களை மன்னித்துவிட்டேன் என்று எழுத எனக்கு இன்னும் கை வரவில்லை. எழுதிப் பார்த்தேன், பொய்யாக இருந்தது, அடித்துவிட்டேன். நீங்கள் வேலையைக் கொடுத்து உண்மையைச் சொன்னீர்கள். அது எனக்குத் தெரியும். முதலில் என்னைக் கொடுத்து வேலையை வாங்கினீர்கள், அதுவும் தெரியும். இரண்டும் கொஞ்ச நாள் பக்கத்தில் பக்கத்தில் கிடக்கட்டும்.

பள்ளிக்கூட வேலை கிடைத்தால் நல்லது. சாப்பிடாமல் இருக்க வேண்டாம், நீங்கள் கவலை வந்தால் சாப்பாட்டைத்தான் முதலில் நிறுத்துவீர்கள்.

பெட்டியைத் தூக்கிப் போட வேண்டாம். அது என்னுடையது. எனக்கு அது வேண்டும்.

தபாலில் அனுப்பாதே. நீயே கொண்டு வா.

அண்ணி